சுக்கான் பிடித்தவன்

2023 மாசி 24, வெள்ளி

கௌசிகாவின் பள்ளிக்கூடத்தில் இல்ல விளையாட்டுப் போட்டி. இவர் கடலால் வந்து, தலை ஈரத்தோடு அப்படியே வந்துவிட்டார். நானூறு மீற்றரில் மகள் இரண்டாவது. கயிற்றடியில் நின்று இவர் போட்ட சத்தத்தில் மைதானமே திரும்பிப் பார்த்தது. வீட்டுக்கு வரும் வழி முழுக்க மகள் அப்பாவோடு கதைக்கவில்லை. சாம்பல்தீவுச் சந்தியில் ஐஸ்பழம் வாங்கிக் கொடுத்த பிறகுதான் முகம் இளகியது. உடுப்புத் தோய்க்கக் கிடக்கிறது. நாளைக்குப் பார்க்கலாம்.

பங்குனி 9

எழுத ஏலாது.

பங்குனி 16

இவர் போய் எட்டாம் நாள். எட்டுச் செலவு முடிந்து ஆட்கள் போய்விட்டார்கள். எழுதிப் பார்க்கிறேன்.

எட்டாம் திகதி, இருட்டுப்படும் மைமல் பொழுதில் இவரும் என் தம்பி சசிகரனும் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கடற்படை முகாமின் ரோந்துப் படகு வேகமாக வந்து வள்ளத்தின் பின்பக்கத்தில் ஏறிவிட்டது. சசியைத் தண்ணீரில் இருந்து தூக்கி எடுத்தார்கள். கை முறிந்திருக்கிறது. இவரை அடுத்த நாள் காலையில் கரையில்தான் கண்டார்கள். பிரகலாதன் என்று பெயர் சொல்லி அடையாளம் காட்டச் சொன்னார்கள். காட்டினேன்.

படகை ஓட்டியவனைப் பிடித்து அடைத்து வைத்திருக்கிறார்களாம். ஹஸ்மி என்று பெயர். கிண்ணியாப் பொடியன். எங்கட பாஷை கதைக்கிறவன். வேறு பாஷைக்காரன் என்றால் இவ்வளவு எரியாதோ என்னவோ. அவன் அழிஞ்சு போகட்டும். இதை எழுதுவதற்குத்தான் கொப்பியைத் திறந்தேன்.

சித்திரை 10

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்தது. இன்றைக்கு அந்தப் படகின் பொறுப்பதிகாரி வீட்டுக்கு வந்தார். கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் பாக்கியரத்தினம் அண்ணைதான் கூட்டிக்கொண்டு வந்து மொழிபெயர்த்தார். நல்ல மரியாதையான மனிதர். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். "மெதுவாப் போ எண்டு நான் சொன்னனான், அவன் கேக்கயில்ல" என்றாராம். விசாரணை கெதியில் முடியும், அவனை வேலையால் நிறுத்தி மறியலிலும் அடைப்பார்கள் என்று அண்ணை சொன்னார். எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ கொஞ்சம் ஆறியது. பொய் சொல்லக்கூடாது, ஆறியது.

சசி இடையில் எழுந்து வெளியே போய்விட்டான். கை நோகுதாக்கும் என்று நினைத்தேன்.

சித்திரை 29

படலையில் ஒரு பிள்ளை வந்து நின்றாள். முக்காடு, கையில் ஒன்றுமில்லை. "நான் ஷிஃபானா. ஹஸ்மிட ராத்தா" என்றாள். படகு ஓட்டியவனின் அக்கா.

"மன்னிப்புக் கேக்க வரயில்ல அக்கா. அவன் செய்திருந்தா தண்டிக்கட்டும். ஆனா அவனைக் கதைக்க விடுறாங்கயில்ல."

அவனின் ஈர உடுப்புக் காயமுந்தியே வாக்குமூலம் எடுத்தார்களாம். பொறுப்பதிகாரி சொன்னதை வாசித்துக் காட்டி, ஒத்துக்கொள்கிறாயா என்று மட்டும் கேட்டார்களாம். இவனுக்காகக் கதைக்க ஒரு அதிகாரியைக் கேட்டு வாங்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதாம். அதை ஒருத்தரும் இவனுக்குச் சொல்லவில்லையாம். உம்மாவை ஒரேயொரு தரம் பார்க்க விட்டார்களாம், பக்கத்தில் காவலுக்கு ஆளை வைத்துக்கொண்டு.

"என்ட மனுசனுக்கு ஆர் கதைக்க விட்டது?" என்று கேட்டேன்.

நான் கதவைச் சாத்தினேன். ஜன்னலால் பார்த்தேன், கொஞ்ச நேரம் வெயிலுக்குள் நின்றுவிட்டுப் போனாள். நான் செய்தது சரிதானே? சரிதான்.

சித்திரை 30

சரியில்லை. ஒன்றும் சரியில்லை.

ஷிஃபானா வந்து போனதைச் சசியிடம் சொன்னேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. பிறகு சொன்னான்.

"அக்கா, அந்தப் பொடியன் எங்கட வள்ளத்தைக் கண்டவன். சேர், வள்ளம், வள்ளம் எண்டு கத்தினது எனக்குக் கேட்டது. அவனுக்குப் பக்கத்தில நிண்ட அந்த அதிகாரி 'யன்ன, யன்ன' எண்டார். போ எண்டுதானே அர்த்தம்? அவன் பிறகு என்னைப் பாத்துக் கையைக் காட்டி 'அண்ணே, பாயுங்க' எண்டு தமிழில கத்தினவன். அதாலதான் நான் பாஞ்சனான்."

"அத்தான்?"

"அத்தான் பின்னுக்கு எஞ்சினடியில. அந்தச் சத்தத்தில அவருக்குக் கேட்டிருக்காது."

தண்ணீருக்குள் குதித்துச் சசியைப் பிடித்து இழுத்ததும் அவன்தானாம். பொலிசுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நாளைக்கும் கடலுக்குப் போவதென்றால் முகாமைத் தாண்டித்தானே போகவேண்டும் என்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "உனக்குக் கோவிக்கிறதுக்கு ஒருத்தனாவது வேணுமெண்டு நினைச்சன் அக்கா. அவனையும் பறிச்செடுத்தா நீ என்ன செய்வாய்?"

நான் அவனை அடித்தேன். முறிந்த கையில் அடித்துவிட்டேன். ரெண்டு பேரும் இருந்து அழுதோம். கௌசிகா வந்து பார்த்துவிட்டுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள்.

வைகாசி 3

தெரியாமலே இருந்திருக்கலாம்.

இவருக்குக் கேட்டிருக்காதோ? ஒரு சொல்லாவது? திரும்பிப் பார்த்திருப்பாரோ?

வைகாசி 8

தெரிந்த பிறகு சும்மா இருக்க ஏலவில்லை. டவுனில் யோகலிங்கம் சட்டத்தரணியிடம் போனோம். நானும், சாட்சி சொல்ல ஒத்துக்கொண்ட சசியும். சசி தேடி எடுத்துத் தந்த நம்பரில் ஷிஃபானாவையும் கூப்பிட்டேன். அவள் கிண்ணியாவில் இருந்து பஸ்ஸில் வந்தாள். அன்றைக்குக் கதவு சாத்தியதைப் பற்றி அவளும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. படைக்குள் நடக்கும் விசாரணையில் வெளியாள் போய் வாதாட ஏலாது, ஆனால் கண்ட சாட்சியை எடுக்கச் சொல்லலாம், அவனுக்கொரு அதிகாரியைத் தரச் சொல்லியும் கேட்கலாம் என்றார் சட்டத்தரணி. கடற்படைக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தார். அனுப்பிவிட்டோம்.

"நீங்கதான் இறந்தவரிட மனைவி எண்டு முதல் வரியிலேயே போட்டிருக்கிறன்" என்றார். "அதை அவங்களால தள்ளிவைக்க ஏலாது."

வைகாசி 11

பாக்கியரத்தினம் அண்ணை வந்தார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"செத்தது உன்ட மனுசன், பிள்ளை. நீ போய் அவரைக் கொன்றவனுக்காகக் கதைக்கிறாய் எண்டு ஊர் சொல்லுது."

"கொன்றவன் ஆரெண்டு கேக்கத்தான் அண்ணை போறன்."

"அதிகாரி வீடு தேடி வந்தவர். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வந்தவர்."

போய்விட்டார். மாமி மூன்றாம் நாளாக என்னோடு கதைக்கவில்லை. செத்தது அவவின் பிள்ளை. அவவில் பிழை சொல்ல மாட்டேன்.

ஆனி 20

இன்றைக்குத் துறைமுகத்து முகாமுக்குள் போனோம். கடிதத்துக்குப் பிறகு விசாரணையைத் திரும்பத் தொடங்கியிருக்கிறார்கள். ஹஸ்மிக்கு ஒரு அதிகாரியையும் கொடுத்திருந்தார்கள். இளம் பெண் ஒருத்தி, தமிழ் அரைகுறை. ஆனால் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு வந்திருந்தாள்.

அவனைக் கண்டேன். இவ்வளவு சின்னப் பொடியனா? சட்டை தோளில் தொங்கியது. என் பக்கம் திரும்பவே இல்லை. கேட்டதற்கெல்லாம் சிங்களத்தில் மெதுவாகப் பதில் சொன்னான், என்ன சொன்னான் என்று எனக்கு விளங்கவில்லை.

சசி சொன்னான். "யன்ன" என்ற சொல்லைச் சொன்னபோது மட்டும் மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்கவில்லை, தேவையும் இருக்கவில்லை. எல்லோரும் பொறுப்பதிகாரியைப் பார்த்தார்கள். அவர் மேசையைப் பார்த்தார்.

பிறகு தலைமையில் இருந்த பெரியவர் என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். யோசித்துக்கொண்டு போனதெல்லாம் மறந்துபோய்விட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன்:

"என்ட மனுசன் திரும்பி வரப்போறதில்ல சேர். அவரைச் சாகக் குடுத்தது ஆரெண்டு எனக்குத் தெரியோணும். கீழ நிண்டவன் எண்டதுக்காக இவனைப் பிடிச்சு எனக்குத் தராதேங்கோ. எனக்கு வேண்டாம்."

மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். பெரியவர் அதைத் திரும்பச் சொல்ல வைத்து எழுதினார். பிறகு பொறுப்பதிகாரியிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார். அது வரைக்கும் அவரை ஒருத்தரும் ஒன்றும் கேட்டிருக்கவில்லையாம், ஷிஃபானா வெளியில் வைத்துச் சொன்னாள்.

ஷிஃபானாவைப் பாலையூற்றில் கிண்ணியா பஸ்ஸில் ஏற்றிவிட்டு ஓட்டோவில் வந்தோம்.

ஆடி 2

கௌசிகா கேட்கிறாள்: "அம்மா, அந்த அண்ணாவில உங்களுக்குக் கோவமில்லையா?" இருக்கு என்றேன். "பிறகேன்?" கேட்டுவிட்டு அவள் படிக்கப் போய்விட்டாள்.

ஐப்பசி 17

ஷிஃபானா போன் எடுத்தாள். தீர்ப்பு வந்துவிட்டது. கட்டளையை மீறினான், கவனயீனத்தால் உயிர்போகக் காரணமானான் என்ற குற்றங்களை எடுத்துவிட்டார்கள். மறியல் இல்லை. வேகத்தைத் தானாகக் குறைக்காமல் விட்டதற்காகப் பதவியில் ஒரு படி இறக்கியிருக்கிறார்கள். பொறுப்பதிகாரிக்குத் தனி விசாரணை நடக்கிறதாம்.

"சந்தோசமா பிள்ளை?"

"தெரியா அக்கா. அவன் விலகுறன் எண்டு எழுதிக் குடுத்திட்டான். வீட்டுக்கு வந்து மூலையில இருக்கிறான். கடல் பக்கம் கூப்பிட்டா வாறானில்ல."

தானாகக் குறைத்திருக்கலாம்தானே? மேலே நிற்பவர் போ என்றால், கையில் சுக்கான் இருக்கிறவன் என்ன செய்வது? இரண்டையும் மாறி மாறி நினைக்கிறேன். இவரிடம்தான் கேட்கவேண்டும்.

2024 மாசி 25

திதிப்படி இன்றைக்கு முதலாம் ஆண்டுத் திவசம். ஆட்கள் குறைவு. பாக்கியரத்தினம் அண்ணை வந்தார், சாப்பிட்டார், கதைக்காமல் போனார். மாமி பிள்ளையின் படத்துக்குத் தானே பூ வைத்தா. என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னா.

பின்னேரம் ஹஸ்மி வந்தான். வரலாமா என்று சசியிடம் போன கிழமையே கேட்டிருந்தான். நான்தான் வரட்டும் என்று சொன்னேன். ஆனால் படலை திறக்கும் சத்தம் கேட்டதும் நான் குசினிக்குள் போய்விட்டேன். சசி கதிரை எடுத்துப் போட்டான். மாமி எழும்பி உள்ளே போகவில்லை. எங்கே வேலை என்று அவதான் கேட்டா. மாமாவின் அரிசி ஆலையில் என்று சொன்னான். அவன் தமிழ் கதைத்து இன்றைக்குத்தான் கேட்கிறேன். அந்தக் குரலில்தான் அன்றைக்கும் கத்தியிருப்பான்.

தேத்தண்ணி நான்தான் ஊற்றினேன். கௌசிகா கொண்டுபோய்க் கொடுத்தாள். வெளியே வர நினைத்தேன், இரண்டு தரம் கையைத் துடைத்துக்கொண்டு வாசல் வரை வந்தேன். ஏலாமல் போய்விட்டது. முகத்தைப் பார்க்க ஏலவில்லை.

போகும்போது குசினி ஜன்னலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றான். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

"அக்கா, போயிட்டு வாறன்."

போயிட்டு வாங்கோ என்று சொல்லியிருக்கவேண்டும். "ஓம்" மட்டும்தான் வந்தது.