ஏழாம் நம்பர் அவுட் இல்லை

29.1.2025, புதன். தை அமாவாசை.

படையல் முடித்துக் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு எழுதுகிறேன். மகள் தீபா வழக்கம்போல் நாலே முக்காலுக்கே எழுந்து பள்ளி மைதானத்துக்குப் போய்விட்டாள். அலாரம் கிடையாது. ஆறாம் வகுப்பில் கோகோ ஆட ஆரம்பித்த நாளில் வந்த பழக்கம். இப்போது இருபத்தாறு வயது, அவளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற விளையாட்டு டீச்சர். இன்னும் மாறவில்லை.

ஆனால் வேலை மூன்று வருடமாகத் தற்காலிகம்தான். நேற்று தாளாளர் கூப்பிட்டு, "அரியக்குடி கோப்பையை வாங்கிட்டு வாங்க டீச்சர், ஜூன்ல நிரந்தரம் பண்ணிருவோம்" என்றாராம். அவள் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். என் வீட்டுக்காரர்தான் துள்ளிக் குதித்தார். நான் பெருமாளுக்குத் துளசி மாலை நேர்ந்துகொண்டேன்.

7.2.2025, வெள்ளி.

கோப்பை ஆட்டத்துக்கு ஸ்கோர் எழுத எப்போதும் இரண்டு பேர். வீரபாண்டியன் சார் பூசத்துக்குப் பழனி நடந்து போய்விட்டார். இந்த வருடம் நான் ஒருத்திதான். இறுதி ஆட்டத்தில் எங்களுக்கு எதிர் அணி கீழச்சிவல்பட்டி. அதன் கோச் காளிராஜுக்குப் போன் போட்டு, "தம்பி, எம் மக டீம் ஆடுது, நான் எழுதலாமா?" என்று கேட்டேன்.

"அக்கா, பதினாலு வருசமா எழுதுறீக. நீங்க எழுதுனா எங்களுக்கு அம்பயரே தேவையில்ல."

அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். மகள் எத்தனை நிமிடம் எத்தனை நொடி அவுட்டாகாமல் ஓடினாள் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துக் குறித்தே ஸ்கோர் எழுதப் பழகினேன். பதினோரு நோட்டு இருக்கிறது. வீட்டுச் செலவு நோட்டில்கூட அவ்வளவு சுத்தமாக எழுதியதில்லை.

9.2.2025, ஞாயிறு.

ஜெயித்தாச்சு! பதினேழு–பதினாறு. நான்தான் வாசித்தேன். பிள்ளைகள் தீபாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நாளைக்கே துளசி மாலை.

10.2.2025, திங்கள்.

மாலை வாங்கக் கிளம்பும்போது தீபா பள்ளியிலிருந்து ஒரு வீடியோ அனுப்பினாள். நேற்றைய கடைசி இரண்டு நிமிடம். 'ஓரத்துல யாரு கும்பிடுறதுன்னு பாரு' என்று எழுதியிருந்தாள். மூன்று தடவை ஆசையாகப் பார்த்தேன். நாலாவது தடவைதான் கண்ணில் பட்டது.

விரட்டுகிறவள் ஓடுகிறவளைத் தொட்டால் ஒரு புள்ளி. எங்கள் பிள்ளை அவர்களுடைய ஏழாம் நம்பரைத் தொடுகிறாள். அம்பயர் சேவுகப்பெருமாள் விசில் அடிக்கிறார். நான் அவுட் என்று எழுதுகிறேன். உடனே இன்னொரு விசில். இரண்டு கையையும் ஆட்டுகிறார். எங்கள் பிள்ளை ஓடிய திசையிலிருந்து திரும்பித் தொட்டிருக்கிறாள், அது ஃபவுல். அவுட் இல்லை. ஏழாம் நம்பர் கடைசி விசில் வரை ஓடிக்கொண்டே இருக்கிறாள், பாவம், ரெட்டைச் சடை பறக்க.

நான் எழுதியதை ஏன் அடிக்கவில்லை?

ஓரத்தில் நாற்காலியில் இருக்கிறேன். மைதானத்தை ஒட்டிய பெருமாள் கோயிலில் தீபாராதனை மணி கேட்கிறது. பேனாவை மடியில் போட்டுவிட்டு, அங்குட்டுத் திரும்பி, கண்ணை மூடிக் கும்பிடுகிறேன். அந்த நேரத்தில்தான் இரண்டாவது விசில். கண்ணைத் திறந்தவள் நேராகக் கூட்டல் போடக் குனிந்துவிட்டேன்.

அப்ப பதினாறு–பதினாறு. ஜெயிக்கவே இல்ல. வேற யாரும் எண்ணல. நான் நீட்டுன தாள்ல சேவுகப்பெருமாள் கையெழுத்துப் போட்டாரு, அம்புட்டுத்தான். யாருக்குத் தெரியப்போகுது? அந்த நேரம் பாத்து மணி அடிச்சது, பெருமாளே எம் பிள்ளைக்குக் கொடுத்ததோ? — இப்படியும் நினைச்சேன். எழுதக் கை கூசுது. ஆனா நினைச்சேன்.

மாலை வாங்கப் போகவில்லை.

11.2.2025, செவ்வாய். தைப்பூசம்.

முருகனுக்கு விளக்கு ஏற்றியும் மனது நிலைக்கவில்லை. 2011 ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. தீபா ஏழாம் வகுப்பு. சிவகங்கையில் மாவட்ட ஆட்டம். விரட்டி வந்தவளின் விரல் இவள் சட்டையில் பட்டது, அம்பயர் பார்க்கவில்லை. இவளே கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அணி தோற்றது. காரைக்குடி வரும்வரை பஸ்ஸில் திட்டினேன். "யாரும் பாக்கலயேடி, கிறுக்கி!" அவள் கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டு, "பட்டுச்சும்மா" என்றாள்.

சாயங்காலம் அவள் மோர் குடிக்கும்போது சொல்லிவிட்டேன். வீடியோவை ஒரு தடவை பார்த்தாள்.

"அடிக்கிற மணிக்கெல்லாம் கும்பிடுவியாம்மா?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே போனை எடுத்துவிட்டாள்.

"இருடி. ஒரு நாள் யோசிப்போம். ஜூன்ல வேலை..."

"யோசிச்சா ரெண்டு நாளாகும்மா. அப்புறம் சொல்லவே வராது."

காளிராஜிடம், "சார், எங்க பக்கம் ஒரு புள்ளி கூடுதலா ஏறிருச்சு" என்றாள். என் பேரைச் சொல்லவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. போனை வாங்கி, "தம்பி, தப்பு என்னுது. ஏழாம் நம்பர் அவுட் இல்ல" என்றேன்.

காளிராஜ் சொன்னார்: "அக்கா, அந்தப் பிள்ளை ரெண்டு நாளா அழுகுது. நான் அவுட் ஆகல சார், ஆகல சார்னு. நாந்தான், அக்கா எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு அதட்டி வச்சேன்."

அந்த வார்த்தையை வெள்ளிக்கிழமை எவ்வளவு பெருமையாக இந்த நோட்டில் எழுதினேன்!

தீபா அடுத்து தாளாளருக்குப் போன் போட்டாள். அவர் நல்ல விதமாகப் பேசவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "அப்ப வேலை?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "ஆடிப் பாப்போம்ப்பா" என்றாள்.

16.2.2025, ஞாயிறு.

சமன் என்றால் இன்னும் ஒரு இன்னிங்ஸ். ஸ்கோர் வேறு ஒருவர் எழுதினார். நான் தரையில் உட்கார்ந்து பார்த்தேன்.

எட்டு–பத்து. தோற்றோம்.

தீபா பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கைகொடுக்கச் சொன்னாள். அழுத இரண்டு பேரை, "கைகொடுத்துட்டு வந்து அழுங்கடி" என்றாள். கோப்பையை அவளே தூக்கிக்கொண்டு போய்க் காளிராஜ் கையில் கொடுத்தாள்.

நான் ஏழாம் நம்பரைத் தேடிப் போனேன். பேர் ஹேமாவதி. "தப்பா எழுதிட்டேன் ஆத்தா, மன்னிச்சுக்க" என்றேன். "பரவால்ல அம்மாச்சி" என்றது. எனக்கு நாற்பத்தொன்பதுதான் ஆகிறது, அதற்குள் பாட்டி!

வீட்டுக்கு வந்து தீபா இரண்டு தோசை கூடக் கேட்டாள்.

"வருத்தமில்லையாடி?"

"இருக்கு. அதுக்காகப் பசிக்காதா?"

கல்லில் மாவை ஊற்றும்போது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வருத்தத்தில் இல்லை. பெற்றது நான். வளர்த்ததில் பாதி அந்தக் கட்டாந்தரை. அங்கே தினமும் பத்துத் தடவை அவுட் ஆகி, பத்துத் தடவை மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி போய் உட்கார்ந்த பிள்ளை. தோற்றால் தோற்றோம் என்று சொல்ல அவளுக்கு வாய் கூசவே இல்லை. எனக்கு ஒரு புள்ளியை ஒப்புக்கொள்ள ஒன்றரை நாள் ஆயிற்று.

2.6.2025, திங்கள்.

பள்ளி திறந்தார்கள். இந்த வருடமும் தற்காலிகமே. நாலே முக்காலுக்கு எழுந்து போய்விட்டாள்.

25.1.2026, ஞாயிறு.

போன வாரம் காளிராஜ் வீடு தேடி வந்தார், இந்த வருடமும் நான்தான் எழுத வேண்டும் என்று. "தப்பா எழுதுனவ தம்பி நான்" என்றேன். "தப்பா எழுதுற ஆளு நிறைய இருக்காகக்கா. தானா வந்து சொன்ன ஆளு நீங்கதான்" என்று நாற்காலிக்குத் தலையணைகூட அவரே கொண்டுவருவதாகச் சொன்னார். தீபா உள்ளே இருந்து, "கண்ணாடி வேணும்னா வாங்கிக் குடுங்க சார், தலையணை வேணாம்" என்றாள்.

மறுபடி அதே இரண்டு அணி. பக்கத்தில் வீரபாண்டியன் சாரும் இருந்தார். இந்தத் தடவை மூன்று புள்ளியில் ஜெயித்தோம். இரண்டு முறை கூட்டி, அவரையும் கூட்டச் சொல்லி, அதன் பிறகே வாசித்தேன். தாளாளர் ஜூன் பற்றி மறுபடி ஏதோ சொன்னாராம். கேட்டுக்கொண்டேன் என்றாள் தீபா.

எழுத நினைத்தது அது இல்லை. கடைசி ஒரு நிமிடம் இருக்கும்போது தீபாராதனை மணி அடித்தது. கை தானாக எழுந்தது. எதிர்ப்பக்கம் நின்ற தீபா ஆட்டத்தை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

நான் பேனாவை விடவில்லை. கண்ணையும் மூடவில்லை. பெருமாளே, ஹேமாவதி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறாள், முடித்துவிட்டு வருகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

முடித்துவிட்டுத் துளசி மாலையோடு போனேன்.