பாதி லோடு

மார்ச் 4, செவ்வாய்

சாப்பாட்டு நேரம் முழுக்கப் பட்டறையில் பாட்டில் வீசுகிறார்கள். பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மேலே எறிந்து, ஒரு குட்டிக்கரணம் போடவிட்டு, தரையில் நேராக நிற்கவைக்க வேண்டும். நின்றால் கூச்சல். விழுந்தால் அதைவிடப் பெரிய கூச்சல். வெல்டர் அறிவுதான் இதில் ராஜா. வெல்டிங் அவன் கைக்கு அடங்காது, பாட்டில் அடங்குகிறது.

கட்டிக்கொண்டிருக்கிற பால் டேங்கர் வெள்ளிக்கிழமை போயாக வேண்டும். உள்ஜாயின்ட் வெல்டிங் பாதிகூட முடியவில்லை. டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தது இதுகளை மேய்க்கவா?

மார்ச் 5, புதன்

சென்றாயன் மாமா, அக்கா வீட்டுக்காரர், இன்றும் வீட்டைவிட்டு நகரவில்லை. அவர் ஓட்டிய பால் வண்டி விழுந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. ராசிபுரம் போகிற வழியில் ஒரு வளைவு. எதிரில் வண்டி இல்லை, மழை இல்லை. உடம்பில் சிராய்ப்போடு தப்பித்தார். ஆனால் வண்டி ஓனர் "சென்றாயன் தூங்கிட்டான்" என்று லாரி ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். யாரும் மாமா கையில் சாவி தருவதில்லை.

அதைக்கூடப் பொறுக்கலாம். அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார். "தூங்கிட்டனாட்ட இருக்குது மாப்ள" என்கிறார். தூங்கினீர்களா இல்லையா, அதுகூடவா தெரியாது என்று கேட்டுவிட்டேன். அக்கா முறைத்தாள்.

லாரிக்காரர் வீட்டில் வண்டி 'கவுந்துருச்சு' என்று சொல்லமாட்டார்கள். அபசகுனமாம். 'படுத்துருச்சு' என்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து அக்கா கழுவிய குண்டாவைக்கூடக் 'குப்புற வை' என்றுதான் சொல்வாள். அப்படிக் காத்த வார்த்தை. என்ன பிரயோசனம்?

மார்ச் 7, வெள்ளி

டேங்கர் போகவில்லை. முதலாளியிடம் ஏச்சு.

மாமா கொஞ்சம் வெளியே நடக்கட்டும் என்று அக்கா அவரிடம் எனக்குச் சாப்பாடு கொடுத்து அனுப்பியிருக்கிறாள். அவர் கேட்டுக்குள் காலை வைக்கவும் அறிவு எறிந்த பாட்டில் சாயவும் சரியாக இருந்தது. "கவுந்துருச்சு! கவுந்துருச்சுடா!" — அத்தனை பேரும் ஒரே குரலில்.

மாமா தூக்குப்போசியைக் கீழே வைத்தார். திரும்பி நடந்தார்.

பாட்டிலைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன். "பேருதான்டா அறிவு. டிரைவர் வந்து நிக்கறாரு, என்ன சொல்றோம்னு தெரிய வேண்டாம்?"

"ஏனுங்ணா, நாங்க பாட்டிலத்தானுங்களே சொன்னோம்."

அவன் சொன்னது சரிதான். அதனால் இன்னும் கோபம்.

மார்ச் 8, சனி

பட்டறையில் பாட்டில் இல்லை. என்னோடு பேச்சும் இல்லை. நிம்மதி என்று எழுத வந்தேன். இல்லை.

மார்ச் 10, திங்கள்

அறிவு வந்து நின்றான். சமாதானம் பேசுகிறானாம். "ஏனுங்ணா, படிச்சவரு நீங்க சொல்லுங்க. ரொப்பி எறிஞ்சா நிக்கவே மாட்டேங்குது, கொஞ்சூண்டு ஊத்துனா நிக்குது. அதென்னுங்க கணக்கு?"

போடா என்று சொல்லியிருக்கலாம். சொன்னேன்: நிறைந்த பாட்டிலில் தண்ணீர் நகர இடமில்லை, அதனால் மொத்தமாகச் சுற்றிக்கொண்டே வந்து விழும். குறைவாக இருந்தால் தண்ணீர் உள்ளே ஓடும், பரவும், சுற்றுகிற வேகத்தைக் குறைக்கும். தண்ணீர் தன் இஷ்டத்துக்கு உள்ளே —

மாமா வண்டியில் இருந்ததும் பால்தானே.

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். அன்றைக்கு வண்டியில் எவ்வளவு பால்?

"ஆட்டையாம்பட்டில பாதிய எறக்கிட்டேன். மீதிய ராசிபுரத்துல எறக்கோணும்."

பால் அலையாமல் இருக்க உள்ளே தடுப்புத் தகடு?

"பால் வண்டிக்கு ஏது மாப்ள தடுப்பு? அப்பறம் எப்படிக் கழுவறது?"

எனக்குத் தெரியாதா? அந்த வண்டிகளைத்தானே கட்டிக்கொண்டிருக்கிறேன். மாமா பொங்கல்வரை ஓட்டியது முட்டை லோடு. முட்டை வைத்த இடத்தில் இருக்கும். அவருக்குத் தெரிந்த பாரமெல்லாம் வைத்த இடத்தில் இருக்கிற பாரம்.

மார்ச் 11, செவ்வாய்

சாப்பாட்டு நேரத்தில் மாமாவைக் கையோடு இழுத்துவந்தேன். அறிவு எறிந்து காட்டினான். நிறைந்த பாட்டில் விழுந்தது. குறைந்த பாட்டில் நின்றது. பார்த்தீர்களா என்றேன்.

"அட, கொறஞ்சதுதானே மாப்ள நிக்குது? அப்ப என் வண்டி ஏன் நிக்கல?"

பையன்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. தண்ணீர் ஓடுவதுதான் விஷயம், பாட்டிலுக்கு அது கைகொடுக்கிறது, வண்டிக்குக் காலை வாருகிறது என்றேன். யாருக்கும் புரியவில்லை. எனக்கே சொல்லத் தெரியவில்லை.

கடைசியில் அறிவுதான் தண்ணீர் கேனைத் தூக்கிவந்தான். பாதி தண்ணீரோடு படுக்கவைத்துத் தள்ளுவண்டியில் கட்டினோம். மாமாவையே தள்ளச் சொன்னேன். ஓடவிட்டு வளைத்தார், நேராக்கினார். நேராக்கிய பிறகு கேனுக்குள் 'தொளக்'. ஒரு பக்கச் சக்கரம் தூக்கியது.

மாமா கைப்பிடியை விடவில்லை. இன்னொரு தடவை தள்ளினார். மறுபடியும். யாரும் சிரிக்கவில்லை.

"வளவு தாண்டி நேராக்கிட்டேன் மாப்ள," என்றார். "ஸ்டியரிங்க நேராக்கிட்டேன். அப்பறந்தான் ஆரோ பக்கத்துல நின்னு தள்ளுனாப்ல இருந்துது. ஆரோ தள்ளுனாப்ல."

தூங்கியவனுக்கு ஸ்டியரிங்கை நேராக்கியது எப்படித் தெரியும்?

மார்ச் 13, வியாழன்

லீவு போட்டுவிட்டு அந்த ஓனரிடம் போனேன். விளக்கினேன். "பாட்டில வெச்சு எனக்குப் பாடம் நடத்தறயா? போ சாமி, வேலயப் பாரு." அவ்வளவுதான். தகடு, வளைவு, வேகம், ஒன்றும் காதில் ஏறவில்லை. தூங்கிட்டான் என்பது எவ்வளவு சுலபமான வார்த்தை.

வெளியே பைக் பக்கத்தில் மாமா நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். "வுடு மாப்ள," என்றார். "அவரு நம்பலீன்னா போச்சாது. நா நம்பறேன்."

அலுப்பாக இருக்கிறது.

மார்ச் 22, சனி

ஒன்றுமில்லை. வெயில்.

ஏப்ரல் 3, வியாழன்

கோழித் தீவனம் ஏற்றுகிற வண்டிக்கு டிரைவர் வேண்டுமாம். மாமா வாசலில் நின்று போனில் பேசினார். அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ. இவர் சொன்னது மட்டும் கேட்டது.

"ஆமாங்க, நாந்தானுங்க. வண்டி கவுந்துருச்சுங்க." கொஞ்சம் நிறுத்தினார். "இல்லீங்க, தூங்கலீங்க. பாதி லோடுங்க."

அடுப்படியில் அக்காவின் கரண்டிச் சத்தம் நின்றது. சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டாரே என்று சண்டைக்கு வருவாள் என்றிருந்தேன். வரவில்லை.

ஏப்ரல் 9, புதன்

பட்டறையில் மறுபடி பாட்டில். தலைவலி. திட்டத் தெம்பில்லை.

காலையிலேயே மாமா தீவன லோடோடு கிளம்பிவிட்டார். மத்தியானம் அக்காவுக்குப் போன் வந்தது, லோடு இறக்கியாச்சு என்று. ராத்திரிச் சாப்பாட்டுக்கு நானும் அவளும்தான். எழுந்து பாத்திரம் கழுவினாள். கழுவிய குண்டாவை என்னிடம் நீட்டினாள்.

"தம்பி, இதக் கவுத்து வை."

கவுத்து வைத்தேன்.