தேநீருக்கு முன் தெரியும் முள்

பிப்ரவரி 3

இன்று ஒன்றைக் கவனித்தேன். அலையை அளக்கும் கருவியின் திரையில் உயரமான கோட்டுக்கு வலப்பக்கம் ஒரு சின்ன முள். காலையில் இருக்கிறது, தேநீருக்குப் பிறகு இல்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காலையில் என் முகமும் ஒரு மாதிரிதான் இருக்கிறது.

பிப்ரவரி 5

அத்தை மறுபடி கேட்டாள்: "அங்க நீ என்னதான்டி பண்றே?"

"பெருக்குறேன். சுவிட்ச் போடுறேன்."

"சுவிட்ச் போட ஒரு ஆளா?"

ஆமாம், ஒரு ஆள். பழைய கருவித் தொழிற்சாலையின் மூன்றாவது மாடியில் மொத்தம் மூன்று பேர். தோக்தோ அண்ணன் முதலாளி. ஜீபெக் அக்கா பொறியாளர். பிறகு நான். மலையூர்களுக்குக் கம்பியில்லாமல் இணையம் அனுப்பும் மின்சுற்றுப் பலகைகள் செய்கிறோம். பலகையின் நடுவில் நகம் அளவுக்கு ஒரு சில்லு. எண்களை உள்ளே வாங்கி, அலையாக மாற்றி வெளியே விடுகிறது. ஒரு நொடிக்குள் அது செய்யும் வேலையைச் சொன்னால் அத்தை நம்ப மாட்டாள்.

காலையில் வந்ததும் நான் சுவிட்ச் போடுவேன். பலகை சூடாகும். மற்றவர்கள் வந்து தேநீர் குடிப்பார்கள். கோப்பைகளை எடுத்துப் போகும்போது பலகையில் உள்ள பொத்தானை அழுத்துவேன். சில்லு தன்னைத் தானே ஒரு முறை அளந்து சரிசெய்துகொள்ளும். அதன் பிறகுதான் இவர்கள் அளப்பார்கள். இந்த வரிசையை யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை.

பிஷ்கெக்கில் இந்த இடம் எனக்குப் பிடித்திருக்கிறது. யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை. நான் பள்ளியை விட்டது கணக்கு வராததால் அல்ல, கரும்பலகை முன்னால் நிற்க வராததால். அதற்குப் பிறகு அத்தை என்னைத் தோர்தோய் சந்தையில் தன் கடை வாசலில் நிறுத்தினாள். "சாக்ஸ், கம்பளி சாக்ஸ்" என்று கத்த வேண்டும். குளிர்காலம் முழுக்க நின்றேன். ஒரு முறையும் கத்தவில்லை.

பிப்ரவரி 11

பெய்ஷென் ஐயா தொலைபேசியில் பேசினார். சூசமிர் பக்கத்து மலைக்கணவாயில் உள்ள இணையக் கோபுரங்கள் அவருடையவை. எங்கள் பலகை ஒன்று அங்கே சோதனைக்குப் போயிருக்கிறது. அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"உங்க பலகை பக்கத்துக்காரன் அலைவரிசையில முள்ளு மாதிரி குத்துதுப்பா. அவன் என்னைத் திட்டுறான்."

"இங்க அளந்தப்ப சுத்தமா இருந்துச்சுங்க ஐயா" என்றார் தோக்தோ அண்ணன்.

"அப்ப அங்கேயே வெச்சுக்கோ."

மார்ச் 21-இல் வரும் நூருஸ் பண்டிகைக்குள் சரியாகாவிட்டால் வெளிநாட்டுப் பலகை வாங்கிவிடுவாராம். அவர் வாங்காவிட்டால் இந்த இடம் மூடப்படும். தோக்தோ அண்ணன் இதை ஜீபெக் அக்காவிடம் மெதுவாகத்தான் சொன்னார். அறை சின்னது.

மூடினால் — சாக்ஸ்.

பிப்ரவரி 14

ஆன்டெனாவைச் சந்தேகப்பட்டார்கள். பிறகு கேபிளை. இன்று தோக்தோ அண்ணன் பனியைச் சந்தேகப்படுகிறார். பனி ஒன்றும் சொல்லவில்லை.

காலையில் நான் பார்த்த முள் இதுவாக இருக்குமோ? சொல்லலாமா? சொன்னால் "எங்கே, காட்டு" என்பார்கள். காட்டும்போது அது இருக்காது.

பிப்ரவரி 19

ரமலானின் முதல் நோன்பு. தேநீர் இல்லை. ஜீபெக் அக்கா வந்ததும் நேராகத் திரை முன் உட்கார்ந்தார். பிறகு, "உல்கன், இங்க வா" என்றார்.

முள்.

"இன்னிக்கு எதையாவது மாத்துனியா?"

"இல்லக்கா."

"நல்லா யோசி. தினமும் செஞ்சு, இன்னிக்குச் செய்யாதது?"

"டீ போடலை."

தோக்தோ அண்ணன் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "டீக்கப்புறம்?"

"கோப்பை எடுப்பேன். எடுக்கும்போது பொத்தானை அழுத்துவேன். இன்னிக்குக் கோப்பையே இல்லையே, அதான் அழுத்தலை."

அக்கா கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். "சில்லு குளிர்ல எழுந்து ஒரு தடவை தன்னை அளந்துக்குது. அப்புறம் சூடாகுது, அந்த அளவெல்லாம் தப்பாயிடுது. நாம டீ குடிச்சிட்டு மறுபடி அளக்க வைக்கிறோம். இத்தனை நாளா!"

கணவாயில் தேநீர் குடிக்க ஆள் கிடையாது.

பிப்ரவரி 20

அக்கா தாளில் வரைந்து காட்டினார். சில்லுக்குள் சின்னச் சின்னக் குழாய்கள் மாதிரி நிறைய. ஒவ்வொன்றும் ஒரே அளவு மின்சாரம் ஊற்ற வேண்டும். ஊற்றாது. அந்த ஏற்றத்தாழ்வுதான் முள். சூடு ஏறினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக மாறும்.

தோக்தோ அண்ணன் சொன்ன வழி: அரை மணி கழித்துப் பலகை தானே பொத்தானை அழுத்திக்கொள்ளட்டும்.

"மத்தியானம் வெயில் வந்தா? ராத்திரி உறைஞ்சா? நாளெல்லாம் அழுத்திக்கிட்டே இருக்குமா அண்ணே? ஒவ்வொரு தடவையும் இணைப்பு அறுந்துபோகும்" என்றார் அக்கா.

ஒரு குழாய் உபரியாக உண்டாம். அக்காவின் வழி: வேலை நிற்காமலே ஒரு குழாயை மட்டும் ஓய்வுக்கு அனுப்பி, உபரியை அந்த இடத்தில் நிறுத்தி, ஓய்வில் இருப்பதை அளந்து திருத்தி, திரும்ப அழைத்துக்கொள்வது. பிறகு அடுத்தது. முடிவே இல்லாமல். குழாய்களின் வரிசையையும் கண்டபடி கலைத்துவிட்டால், மிச்சம் இருக்கும் பிழை ஒரே இடத்தில் முள்ளாக நிற்காது, புல்லாகப் பரவிவிடும்.

குழாய்களுக்கு முறைவைத்து ஓய்வு உண்டு. எங்களுக்கு அது இல்லை.

மார்ச் 4

அக்காவின் புதிய நிரல் ஓடியது. முள் போயிற்று, அடியில் புல் கொஞ்சம் உயர்ந்தது. மதியம் பலகை அப்படியே நின்றுவிட்டது. அக்கா யாருடனும் பேசவில்லை. நான் எப்போதும் போல.

மார்ச் 9

இன்றும் ஒரு முறை நின்றது. பிழையைப் பிடித்துவிட்டேன் என்கிறார் அக்கா. தோக்தோ அண்ணன் நம்பவில்லை.

மார்ச் 11

நாளை பெய்ஷென் ஐயா வருகிறார். தோக்தோ அண்ணன் படியில் என்னைத் தனியாக நிறுத்தினார்.

"தங்கச்சி, மேசையில பழைய நிரல் போட்ட பலகைதான் இருக்கும். அவர் பயணத்துல வர்றவர், நோன்பு கிடையாது, டீ குடிப்பார். நீ கோப்பை எடுக்குற மாதிரி போய் அழுத்திடு. நான் இருமுவேன், அதான் அடையாளம்."

"அக்காவுக்கு..."

"அவகிட்ட எதுக்கு? உனக்கு இங்க வேலை வேணுமா, வேணாமா?"

வேணும். எனக்கு வேணும். சந்தைக்கு என்னால போக முடியாது. அழுத்துனா வேலை இருக்கும், கணவாய்ல முள்ளும் இருக்கும் — அப்புறம்? அப்புறம் அவர் திருப்பி அனுப்புவார். இல்ல, காசு கொடுத்துட்டாரேன்னு சும்மா இருப்பாரா? தெரியல.

மார்ச் 12

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

பெய்ஷென் ஐயா பெரிய மனிதர், பெரிய தொப்பி. தேநீர் குடித்தார். திரையைப் பார்த்தார். "இதோ நிக்குதே" என்றார். முள் நின்றது. நான் தட்டோடு போனேன். தோக்தோ அண்ணன் இருமினார். என் கை பொத்தானுக்கு மேலே போய் நின்றுவிட்டது. அண்ணன் மறுபடி இருமினார். பலமாக.

"தண்ணி குடியேன்ப்பா" என்றார் ஐயா.

"நோன்புங்க."

மறுபடி இருமல்.

ஐயா என் பக்கம் திரும்பினார். "மகளே, இவன் உன்னைப் பார்த்துத்தான் இருமுறான். என்ன சங்கதி?"

கரும்பலகை முன்னால் நிற்பது போலவே இருந்தது. காது சுட்டது. கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "இதை அழுத்துனா முள்ளு போயிடும். கணவாய்ல அழுத்த ஆளில்லை."

தோக்தோ அண்ணனின் இருமல் குணமாகிவிட்டது.

ஜீபெக் அக்கா எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். வெளி விளிம்பில் புதிய நிரல் போட்ட பலகை, மேலே உறைபனியோடு. காலையிலேயே வைத்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. பனியைத் துடைத்து, மேசையில் வைத்து, சுவிட்சைப் போட்டார். "நீங்களே பாருங்க ஐயா. எவ்வளவு நேரம் வேணும்னாலும்."

ஐயா இன்னொரு கோப்பை கேட்டார். பிறகு இன்னொன்று. பலகை சூடானது. முள் எழ முயன்றது, அடங்கியது, திரும்ப எழவில்லை.

"புல்லு கொஞ்சம் ஒசந்திருக்கே" என்றார்.

"ஆமாங்க" என்றார் அக்கா.

"புல்லு யாரையும் குத்தாது." பலகையைத் தன் மேலங்கிக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கோப்பைகளைக் கழுவினேன்.

மார்ச் 13

தோக்தோ அண்ணன் என்னுடன் பேசவில்லை. எனக்கு அது கஷ்டமாக இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

மார்ச் 17

தோக்தோ அண்ணன் ஒரு பெட்டியைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தார். உள்ளே சில்லு பொருத்திய புதிய பலகைகள், பெட்டி நிறைய. "எல்லாம் கணவாய்க்கு. குளிர வெச்சுத்தான் அளக்கணும்னு அந்தக் கிழவர் சொல்லிட்டார்" என்று சுவரிடம் சொன்னார்.

ஜன்னலைத் திறந்தேன். விளிம்பில் புறாக்கள் உட்கார்ந்திருந்தன. அவற்றை விரட்டிவிட்டு, பலகைகளை ஒவ்வொன்றாக வெளியே வைத்தேன்.