கடைசி அணியுடன் ஆடிய ஆட்டம்

1. இரா. சந்தானம் ஆகிய நான், ஈசூனில் வசிக்கும் சிங்கப்பூர்க் குடிமகன், தொழிலால் வழக்கறிஞன். நாற்பது வயதைக் கடந்த தமிழர்களுக்காகப் பல நாடுகளின் அணிகளுடன் ஈராண்டுக்கு ஒருமுறை இங்கே நடக்கும் காற்பந்துக் கிண்ணப் போட்டியின் விதிமுறை ஆலோசகன். அப்போட்டியை என்னுடன் சேர்ந்து தொடங்கியவன் நீ.

2. கீழே வருபவை நான் நேரில் கண்டவை, நானே செய்தவை. பிறர் சொல்லக் கேட்டு எழுதியது எதுவும் இதில் இல்லை.

3. சென்ற ஆண்டு நீ காலமாகிவிட்டாய் என்பதை அறிந்தே இதை உனக்கு எழுதுகிறேன்.

இன்று திங்கட்கிழமை. காலையில் சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் இருக்கும் என் அலுவலகத்தில் பையைத் திறந்தபோது தைல வாடை எழுந்தது. சனிக்கிழமையும் நேற்றும் திடலில் என் தோளில் தொங்கிய பை. யாரோ முழங்காலுக்குத் தேய்த்துவிட்டுப் போட்ட புட்டி, மூடி இறுகாமல் உள்ளே சாய்ந்து, விதிமுறைத் தாள்களை நனைத்திருக்கிறது. உன் காரில் ஏறினாலும் இதே வாடைதான் முதலில் வரும். பிடோக்கில் இருந்துகொண்டு, என்னை ஏற்றிச் செல்வதற்காக ஈசூன்வரை சுற்றிக்கொண்டு வருவாய். “நம்ம கிண்ணத்துல கோல் கணக்கவிட முட்டிக் கணக்குதான்டா ஜாஸ்தி” என்பாய்.

தேக்கா சந்தைப் பக்கத்துத் தேநீர்க் கடையில் தொலைக்காட்சியில் நாம் பார்த்த தகுதிச் சுற்று ஆட்டம் ஒன்று நினைவுக்கு வருகிறது. சமநிலையில் முடிந்தால் இரண்டு அணிகளும் அடுத்த சுற்றுக்குப் போய்விடும். வேறொரு திடலில் தன் ஆட்டத்தை முன்பே முடித்துவிட்ட மூன்றாவது அணி வீடு திரும்பும். ஒன்றுக்கு ஒன்று என்று ஆனபின் பந்து நடுக்கோட்டைத் தாண்டவே இல்லை. கடைக்காரர் அலுத்துப்போய் மெகா தொடருக்கு மாற்றப் பார்த்தார். எந்த விதியும் மீறப்படவில்லை, எனவே குற்றம் சொல்ல இடமில்லை என்று நான் வாதிட்டேன்.

“விதிய மீறலடா சந்தா. விதிதான் அவங்கள அப்படி ஆட வச்சிருக்கு. கடைசி ரெண்டு ஆட்டத்தையும் ஒரே நேரத்துல வச்சிருந்தா இந்தக் கூத்து நடக்குமா?”

“எந்த முறையிலும் யாருக்காவது பாதகம் இருக்கும். எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தால் போதும்.”

“இத ஒத்துக்கிறேன்” என்றாய், தே தாரிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு. “ஆனா முன்கூட்டின்னா, யாருக்கு லாபம்னு தெரியறதுக்கு முன்கூட்டி. கப்பல் கவிழ்ந்த பொறவு பாலிசி எழுத முடியுமா?”

கப்பல் காப்புறுதியில் இழப்பீடு மதிப்பிடுவது உன் தொழில். வாழ்நாள் முழுவதும், கவிழ்ந்த பிறகு எழுத முயன்றவர்களின் கோப்புகளைப் பார்த்தவன் நீ. உலகக் கிண்ணத்தில் அணிகளைக் கூட்டிக்கொண்டே போவதைப் பற்றியும், மூன்றாம் இடத்துக்கு வந்தவர்களில் சிறந்தவர்களைப் பொறுக்கி எடுப்பதைப் பற்றியும், பின்னால் ஆடும் குழுக்களுக்குத் தேவையான புள்ளி எத்தனை என்பது முன்னரே தெரிந்துவிடுவதைப் பற்றியும் நாம் எவ்வளவோ சண்டை போட்டிருக்கிறோம். நாம் இருவரும் உடன்பட்டது அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும்தான்.

நம் கிண்ணத்தின் வழக்கம் அதிலிருந்துதான் பிறந்தது. குழுப் பிரிப்பு நடக்கும் மாலையில், உணவகத்தின் மாடியில், எல்லா மேலாளர்களும் விதிமுறைகளில் கையெழுத்திட்ட பிறகே பிஸ்கட் டின்னிலிருந்து முதல் சீட்டை எடுப்பாய். பினாங்கு அணியின் மேலாளர் லோகேஸ்வரி அதைக் கேலி செய்யாத ஆண்டே இல்லை. “என்னா லா இது, பந்து விளையாட வந்தமா, வீடு வாங்க வந்தமா?” நீயும் விடமாட்டாய். “வீடுன்னா பரவால்லக்கா, வித்துட்டுப் போயிரலாம். தோத்தா எங்க போவீங்க?”

இம்முறை பன்னிரண்டு அணிகள், மூன்று குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் முதலிடம் பெறும் அணி அரையிறுதிக்குச் செல்லும். நான்காவது இடம், இரண்டாம் நிலையில் வரும் மூன்று அணிகளில் சிறந்ததற்கு. போட்டிக்கு இரண்டு நாள் இருக்கையில் ஓர் அணி விலகிக்கொண்டது. ஒரு குழுவில் மூன்றே அணிகள் மிஞ்சின. எண்ணிக்கை சமமில்லாத குழுக்களை எப்படி ஒப்பிடுவது என்பதற்கு நம் விதிமுறையில் ஒரு வரிகூட இல்லை. நீ இருந்திருந்தால் அன்று மாலையே எல்லாரையும் கூட்டி, ஒரு முறையைத் தீர்மானித்துக் கையெழுத்து வாங்கியிருப்பாய். நான் கூட்டவில்லை. “தேவை ஏற்படின் பன்னாட்டு வழக்கப்படி முடிவு செய்யப்படும்” என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன். என் தொழிலில் இதை முன்னெச்சரிக்கை என்பார்கள். உன் தொழிலில் என்னவென்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை நம் சிங்கப்பூர் அணி மேடானை வென்றது, கோலாலம்பூரிடம் தோற்றது, யங்கூனுடன் ஒன்றுக்கு ஒன்று என்று சமன் செய்தது. யங்கூன் அணியை உனக்கு நினைவிருக்கும். ஆளுக்கொரு நிறத்தில் காலுறை அணிந்து வருவார்கள். நம் கிண்ணத்தில் அவர்கள் தோற்காமல் முடித்த முதல் ஆட்டம் அது. அதன் பிறகும் தங்கள் குழுவில் கடைசி இடம்தான். ஆனாலும் திடலோரத்தில் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். மூன்று அணிக் குழுவில் பினாங்கு ஓர் ஆட்டத்தில் வென்று, ஒன்றில் தோற்று, இரண்டாம் நிலையில் நின்றது. நான்காவது இடத்துக்குச் சிங்கப்பூரும் பினாங்கும் மட்டுமே மிஞ்சின.

உன் தம்பி ஷாநவாஸ்தான் இப்போது சிங்கப்பூர் அணித்தலைவன். நாம் ஒருமுறைகூட இந்தக் கிண்ணத்தை வென்றதில்லை என்பதும், இந்த ஆண்டு வென்று உன் வீட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டதும் எனக்குத் தெரியும். பிள்ளைகள் என்கிறேன், எல்லாருக்கும் தலை நரைத்துவிட்டது. அவன் என்னிடம் வந்து தயங்கி நின்றான்.

“அண்ணே, நாங்களா அவங்களா?”

உலகப் போட்டிகளின் தகுதிச் சுற்றுகளில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. பெரிய குழுவில் கடைசி இடம் பெற்ற அணியுடன் ஆடிய ஆட்டத்தை நீக்கிவிட்டு மற்றவற்றை ஒப்பிடுவார்கள். வேறு வழியும் உண்டு. பெற்ற புள்ளிகளை ஆடிய ஆட்டங்களால் வகுத்துச் சராசரி பார்ப்பது. இரண்டுக்கும் முன்னுதாரணம் காட்ட என்னால் முடியும். நிழற்குடையின் கீழ் உட்கார்ந்து இரண்டையும் போட்டுப் பார்த்தேன். சராசரி பார்த்தால் பினாங்கு. கடைசி அணியுடனான ஆட்டத்தை நீக்கினால் இரு அணிகளுக்கும் ஒரே புள்ளி. கோல் வித்தியாசத்தில் சிங்கப்பூர். யங்கூனுடன் நாம் தடுமாறிய ஆட்டம் நடக்கவேயில்லை என்று ஆகிவிடும். அதனால் நாம் முன்னேறுவோம்.

விடை இரண்டும் என் முன்னால் இருந்தபோது, நீக்கும் முறையே பன்னாட்டு வழக்கம் என்று அறிவித்தேன். சட்டப்படி அதில் ஓட்டை இல்லை. உனக்காகச் செய்கிறேன் என்றும் எனக்குள் சொல்லிக்கொண்டேன். உன் பெயரால், நீ ஒருபோதும் செய்யாத ஒன்றைச் செய்தேன்.

ஷாநவாஸ் என்னைத் தூக்கிச் சுற்றினான். லோகேஸ்வரி உதட்டைச் சுழித்துவிட்டு, “சரி லா, வக்கீல் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று தன் ஆட்களிடம் போய்விட்டார். அந்த நம்பிக்கையைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

சற்று நேரம் கழித்து யங்கூன் அணித்தலைவர் மாணிக்கம் வந்தார். அங்கே இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். ஆட்சேபம் சொல்ல வரவில்லை; அவர் அணி எப்படியும் வெளியேறிவிட்டது.

“சார், ஒரு சந்தேகம். எங்களோட ஆடுன ஆட்டத்த எடுத்துட்டீங்கன்னு பையன் சொல்றான்.”

“ஒப்பிடுவதற்காக மட்டும்தான். பட்டியலில் இருக்கும்.”

“அது சரி சார். கோலாலம்பூர்கிட்ட அஞ்சு வாங்கினமே, அது இருக்கும். சிங்கப்பூர நிறுத்தினது மட்டும் இருக்காது. அப்ப நாங்க இங்க வந்து ஆடலியா?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அவர் ஆட்கள் பின்னால் காலுறைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கடைசி அணியுடன் ஆடும் ஆட்டத்தின் மதிப்பு குறைவு என்று வைத்துக்கொண்டுதான் அந்த முறையே எழுதப்பட்டிருக்கிறது என்று விளக்க வாயெடுத்தேன். யாரிடம் விளக்குகிறேன் என்பது உறைத்ததும் நிறுத்திவிட்டேன்.

ஞாயிறு காலை, அரையிறுதிக்கு முன் மேலாளர்களைக் கூட்டினேன். மீண்டும் படித்துப் பார்த்ததில், எல்லா ஆட்டங்களையும் கணக்கில் கொள்ளும் சராசரி முறையே பொருத்தமானதாகத் தோன்றுகிறது, என் முந்தைய கருத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். மேலாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். இறுதி ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் பேருந்து ஏறலாம் என்றிருந்த பினாங்கு அணி அவசரமாகக் காலணி மாட்டிக்கொண்டது.

யங்கூன்காரர்களுக்குத்தான் கொண்டாட்டம். “சிங்கப்பூர வெளிய அனுப்பினது யாரு? நாங்கதான்” என்று மாணிக்கம் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஷாநவாஸ் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“நேத்து ஆட்டம் முடிஞ்சப்புறம் முடிவு பண்ணீங்க. இன்னிக்கும் ஆட்டம் முடிஞ்சப்புறம்தான் முடிவு பண்றீங்க. ரெண்டாவது மட்டும் எப்படிண்ணே நியாயம்?”

அவன் உன் தம்பி என்பதில் இனி எனக்கு ஐயமில்லை. யாருக்கு லாபம் என்று தெரிந்த பிறகு நான் எந்தப் பக்கம் கை நீட்டினாலும் அது நீட்டிய கைதான். சரியான முடிவெடுக்கும் காலம் போட்டிக்கு இரண்டு நாள் முன்பே போய்விட்டது. அதை ஒரு குறுஞ்செய்தியில் தொலைத்தவன் நான்.

பரிசளிப்பின்போது லோகேஸ்வரி ஒலிவாங்கியைப் பிடித்தார். அரையிறுதியில் தோற்றிருந்தார், ஆனாலும் முகம் மலர்ந்திருந்தது. “சொந்த டீமையே வெளியாக்கிட்டு நியாயம் சொன்ன மனுஷன். இவரப் போல ஒருத்தர எங்க ஊருக்கும் குடுங்க லா” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழுந்து நின்று, கைகூப்பி, உட்கார்ந்தேன். இரண்டு விடைகளையும் போட்டுப் பார்த்த பிறகே முதல் முறையைத் தேர்ந்தேன் என்பதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவர்கள் ஒரு மறுபரிசீலனைக்குக் கை தட்டினார்கள். நான் கூப்பிய கைகளுக்குள் இருந்தது வேறு. அந்தக் கூட்டத்தில் நீ ஒருவன் இருந்திருந்தால் கை தட்டியிருக்கமாட்டாய். அதனால்தான் இம்மடல் உனக்கு.

இதை உனக்கு மட்டும் எழுதிப் பெட்டியில் பூட்டிவிட்டால், இறந்தவனிடம் சொல்லித் தப்பித்தவனாவேன். ஆகவே இதன் படியை இன்று எல்லா மேலாளர்களுக்கும் அனுப்புகிறேன். சாட்சிக்கு, இந்த இரண்டு முடிவுகளாலும் பாதிக்கப்பட்ட இருவரை மதியம் தேநீர்க் கடைக்கு அழைத்தேன். யங்கூன் அணிக்கு மாலையில் விமானம்.

இதுவரை எழுதியதை ஷாநவாஸ் முதலில் படித்தான். படித்து முடித்தும் தாளைக் கீழே வைக்கவில்லை.

“காக்கா இருந்திருந்தா உங்கள உண்டு இல்லன்னு ஆக்கியிருக்கும்.” அண்ணனான உன்னை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

“தெரியும்.”

“அப்புறம் இங்கயே கூட்டிட்டு வந்து டீ வாங்கிக் குடுத்திருக்கும். நான் வாங்கிக் குடுக்கல. நீங்களே குடுங்க.” பேனாவை எடுத்தான்.

மாணிக்கம் நெடுநேரம் படித்தார். இடையில் எழுந்து வெளிச்சத்துக்குப் போய் நின்று படித்தார். திரும்பி வந்து, தாளில் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

“சார், எல்லாம் சரியா எழுதியிருக்கீங்க. ஒண்ணுக்கு ஒண்ணுன்னும் இருக்கு. கோல் போட்டது யாருன்னு போடலியே?”

எனக்குத் தெரியாது என்றேன். இரண்டு முறையிலும் அந்தக் கோலை வைத்துக் கணக்குப் போட்டவன். அடித்தவர் பெயரைக் கேட்கவில்லை.

“தங்கராசு. லாரி வச்சிருக்கான். இடது காலு.”

எனவே, பிறர் சொல்லக் கேட்டது இது ஒன்றுதான் என்று குறித்து, இதையும் பதிவு செய்கிறேன்: சனிக்கிழமை நடந்த ஆட்டத்தில் சிங்கப்பூர் ஒன்று, யங்கூன் ஒன்று. யங்கூனுக்காகக் கோல் அடித்தவர் தங்கராசு, இடது காலால்.

நீ இருந்தவரை ஒரு விதியைப் படித்தால் அதன் சொற்கள்தான் என் கண்ணில் படும். இனி எந்த விதியைப் படித்தாலும் அதில் யாருக்கு லாபம் என்பதுதான் முதலில் தெரியப்போகிறது. அந்தக் கண்ணோடுதான் இனி என் தொழிலைச் செய்தாக வேண்டும். உன்னிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளவும் வழியில்லை.

மேற்கண்டவை உண்மை.

(ஒப்பம்) இரா. சந்தானம்
சிங்கப்பூர்

சாட்சிகள்:
ஷாநவாஸ், அணித்தலைவர், சிங்கப்பூர்
மாணிக்கம், அணித்தலைவர், யங்கூன்