அவளுக்குக் கேட்கவில்லை, மஞ்சு

என் மஞ்சுவுக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. நிவி ஒன்றாம் வகுப்பை முடிக்கப் போகிறாள். முன்பல் இரண்டு விழுந்திருக்கிறது. உன்னைப் போலவே மோர்சாதத்தைக் கண்டால் முகத்தைச் சுளிக்கிறாள். இதை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும்.

பள்ளிக்கூட ஆண்டு மலருக்குப் பெற்றோர் யாராவது ஒருவர் எழுதித் தரவேண்டும் என்று அவளுடைய வகுப்பு எஸ்தர் டீச்சர் கேட்டார். "நீங்க எழுதுங்க நிவேதா அப்பா. நாலு வீட்டுக்கு உதவும்" என்றார். எனக்குக் கட்டுரையெல்லாம் வராது. உனக்கே எழுதுகிறேன். நாலு பேர் படித்துவிட்டுப் போகட்டும்.

உனக்கு நினைவிருக்கும். நிவிக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. "அம்மா", "வா", "மாமா" என்று நாலைந்து சொற்கள், அவ்வளவுதான். ஓசூரில் நாம் இருந்த அந்த ஒற்றை அறையில் நீ பேசியது தெலுங்கு, நான் பேசியது தமிழ், மாடியிலிருந்த வீட்டுக்காரம்மா பேசியது கன்னடம். தருமபுரியிலிருந்து வந்த என் அக்கா இரண்டு நாள் இருந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனாள். "மூணு பாஷைய ஒண்ணாக் காதுல ஊத்துனா கொழந்தைக்கு எப்படிடா பேச்சு வரும்?"

நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். "இனிமே அவகிட்டத் தெலுங்குல பேசாத" என்று உன்னிடம் சொன்னேன். நீ ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. கெலமங்கலத்தில் பிறந்து, கல்யாணத்துக்கு அப்புறம்தான் முழுசாகத் தமிழ் பேசத் தொடங்கியவள் நீ. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பாய். நான் ஷிப்ட் முடிந்து கதவைத் திறந்ததும் பாதியில் நிறுத்திவிடுவாய். நாளாக ஆக அதுவும் இல்லாமல் போனது. வீடு அமைதியாகிவிட்டது. உனக்கு அடக்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஒருநாள் நீ சொன்னாய். "ஏங்க, நான் பின்னாடி நின்னு கூப்ட்டா இவ திரும்பறதே இல்லீங்க. ஒருவாட்டி காதைக் காட்டலாமா?"

நான் வாசலில் நின்று "நிவீ!" என்று கூப்பிட்டேன். அவள் திரும்பினாள். "பாத்தியா? காது நல்லாத்தான் இருக்குது. உன் தமிழுதான் அவளுக்குப் புரியல" என்றேன்.

நீ மெதுவாகச் சொன்னாய். "நீங்க கத்தறீங்க. நான் கத்தறதில்ல."

நான் சிரித்தேன், மஞ்சு. பிரஸ் ஷாப்பில் பத்து வருஷமாக இரும்புத் தகடு அடிக்கும் மெஷின் சத்தத்துக்கு நடுவே நிற்பவன் நான். வீட்டிலும் கத்தித்தான் பேசுவேன். என் கத்தலுக்குத் திரும்பியவள் உன் குரலுக்குத் திரும்பவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம்? அன்றைக்கு ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தால் போதும். நான் யோசிக்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் நினைவு தப்பித் தப்பி வந்தது. நீ தெலுங்கில் என்னவோ பேசிக்கொண்டிருந்தாய். கண் திறந்து என்னைப் பார்த்ததும் "தப்பு, தப்பு" என்று சொல்லித் தமிழுக்கு மாறினாய். சாகப் போகிறவளுக்குக்கூட என்னிடம் பயம் இருந்திருக்கிறது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். ஒன்றாம் வகுப்பில் எழுத்துகளின் ஒலியைச் சொல்லித்தர டேப்லெட்டில் ஒரு மென்பொருள் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதை 'பலூன் டேப்' என்கிறார்கள். திரையில் நாலு பலூன், ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து. ஹெட்போனில் ஒரு குரல் ஓர் ஒலியைச் சொல்லும். சரியான பலூனைத் தொட்டால் வெடிக்கும். தப்பாகத் தொட்டால் அது மெல்ல இறங்கி மறுபடியும் வரும். முதல் சில வாரங்கள் குரலோடு அந்த எழுத்துக்குரிய படமும் திரையில் மேலே வரும். அணில், ஆடு, இலை, ஈ. நிவி அதில் ஒன்றைக்கூடத் தப்பவிடவில்லை. டீச்சர் போனில் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தாயா, ஒரே பாஷையாக்கினதும் பிள்ளை தேறிவிட்டாள் என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த பாடத்தில் படம் கிடையாது. குரல் மட்டும். நிவி எல்லாவற்றையும் தப்பாகத் தொட்டாள். 'இ' என்று சொன்னால் 'உ'வைத் தொட்டாள். 'ச' என்றால் எதையும் தொடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் ஹெட்போன் கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றினார். டேப்பை மாற்றினார். எதிரே உட்கார்ந்து அவரே வாயால் சொன்னபோது நிவி சரியாகத் தொட்டாள். டேப் சொன்னால் தப்பு, டீச்சர் சொன்னால் சரி. இரண்டு நாள் அவருக்குப் பிடிபடவில்லை.

மூன்றாம் நாள் வருகைப் பதிவேட்டை எடுத்து வாயை மறைத்துக்கொண்டு 'இ' என்றார். நிவி 'உ'வைத் தொட்டாள். பதிவேட்டை இறக்கிவிட்டு அதையே சொன்னார். சரியாகத் தொட்டாள்.

என்னை வரச்சொன்னார். காலை ஷிப்ட் முடிந்து யூனிபாரத்தோடே போனேன். என் கண்முன்னால் மறுபடியும் செய்து காட்டினார். நான் அப்போதும் என்ன சொன்னேன் தெரியுமா? "அவங்கம்மா தெலுங்கு பேசுவாங்க டீச்சர். சின்னதுலயே குழம்பிடுச்சு."

எஸ்தர் டீச்சர் பதிவேட்டை மேசைமேல் வைத்தார். "இது பாஷை இல்லீங்க. பாப்பா இத்தனை நாளும் என் உதட்டைப் பாத்துப் படிச்சிருக்கா. அந்த டேப்புக்கு மூஞ்சி இல்ல. அதான் மாட்டிக்கிட்டா. அவளுக்குக் கேக்கலங்க."

பிள்ளைகளுக்குப் போடும் அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தேன். நிவி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதும் அப்படித்தான் பார்ப்பாள். அப்பாமேல் உயிர் என்று பெருமைப்பட்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் சத்தம் புகாத ஓர் அறையில் அவளை உட்கார வைத்துச் சோதித்தார்கள். இரண்டு காதிலும் குறை, பிறவியிலேயே இருந்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா. தடித்த ஒலிகள் கொஞ்சம் விழும், மெல்லிய ஒலிகள் விழாது. மூன்று வயதிலேயே கொண்டுவந்திருந்தால் பேச்சு நன்றாகப் பிடித்திருக்கும் என்றார். நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "மூணு பாஷை பேசினதால இல்லீங்களா?"

"யார் சொன்னது? எத்தனை பாஷை வேணா பேசலாம். அம்மா நிறையப் பேசினாங்களா?"

"பேசினாங்க" என்று மட்டும் சொன்னேன், மஞ்சு. நான்தான் நிறுத்தினேன் என்பதை அந்த அம்மாவிடம் மறைத்துவிட்டேன்.

இப்போது காதுக்கருவி போட்டிருக்கிறோம். முதல்நாள் குக்கர் விசில் கேட்டுக் கட்டிலுக்கடியில் ஓடி ஒளிந்துகொண்டாள். இரண்டு தடவை கருவியைப் பிடுங்கி எறிந்தாள். டீச்சர் தினமும் சாயங்காலம் அரைமணி நேரம் அவளோடு டேப்பில் உட்காருகிறார். வீட்டிலும் என் போனில் அதையே போட்டுக்கொண்டு உட்காருகிறோம். 'இ' பிடித்துவிட்டாள். 'உ'வும் பிடித்துவிட்டாள். 'ச' பலூன் இன்னும் அவளைத் தாண்டித்தான் போகிறது. எவ்வளவு பேச்சு வரும் என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார்கள். கூடப் படிப்பவர்கள் வார்த்தை சேர்த்து வாசிக்கிறார்கள். இவளுக்கு இன்னும் எழுத்தே முடியவில்லை. 'செவிடி' என்று ஒரு பையன் கூப்பிட்டதை அவளே வந்து உதட்டசைவில் எனக்குச் செய்து காட்டினாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கெலமங்கலத்துக்குப் போனேன். உன் அண்ணனைத் தக்காளி மண்டியில் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. கூடைமேல் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார்.

"அவ ஒருநாள் எனக்கு போன் பண்ணி அழுதா மாப்ளே. 'தமிழ்ல கொஞ்சறதுக்கு எனக்கு வார்த்தை வரலண்ணா, அதனால பாப்பாகிட்டப் பேசாமயே இருக்கேன்'னா. உங்ககிட்டச் சொல்லவேணாம்னு சத்தியம் வாங்கிக்கிட்டா."

அதைக் கேட்டுவிட்டு நான் எப்படி பஸ் ஏறினேன் என்று தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், உன் குணம் அது. ஒன்றே ஒன்று சொல்கிறேன். நிவிக்கு ஒரு முழு வாக்கியம் புரிகிற நாள் வரும். வெளிச்சத்தில் அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, கத்தாமல், நிறுத்தி நிறுத்திச் சொல்வேன்: உன் அம்மா முதலிலேயே கண்டுபிடித்துவிட்டாள், நான்தான் நம்பவில்லை. அதற்குப் பிறகு அவள் என்னை எப்படிப் பார்த்தாலும் சரி, முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டேன்.

உன் வீட்டுக்காரன்,
நிவியின் அப்பா