வாயில் படாத சோறு

கொடைக்கானல்
16-8-1961

சௌபாக்கியவதி லீலாவுக்கு அப்பா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. அந்த இரும்பாலை ஊரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் அம்மாவும் சுகம். வழக்கமாக அதே வரியில் தம்பியையும் சேர்த்து எழுதிவிடுவேன், இந்தத் தடவை அவனைப் பற்றித் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. தந்தி கொடுக்கலாமா என்று யோசித்தேன், நீ உறையைப் பிரிக்கும் முன்பே அழ ஆரம்பித்துவிடுவாய் என்பதால் விட்டுவிட்டேன்.

தம்பி ஞானவேலுக்கு டிப்தீரியா என்கிற தொண்டை அடைப்பான் வந்து குணமானதைப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். நம் கூக்கால் ஊர் முழுக்க வந்து பார்த்து, பிள்ளை பிழைத்துக்கொண்டான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனது. அப்புறம் ஒரு நாள் அவன் மூக்கால் பேசத் தொடங்கினான், குடித்த காப்பி மூக்கு வழியே திரும்பி வந்தது. பஸ் வராத நாள், கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு இங்கே மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தோம். வியாதி போய்விட்டாலும் அதன் விஷம் நரம்பில் தங்கித் தொண்டையைச் செயலற்றதாக்கிவிட்டது, தானாகவே சரியாகும், அதுவரை வாயில் எதைக் கொடுத்தாலும் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குள் போய்விடும் என்றார் டாக்டர். ஆகவே மூக்கு வழியாக வயிறு வரைக்கும் ஒரு ரப்பர் குழாய். அதன் மேல்முனையில் புனல் வைத்துப் பால், சர்க்கரை, முட்டை எல்லாம் அடித்துக் கலந்து ஊற்றுகிறார்கள். நாலு தலைமுறையாக நம் வீட்டில் நுழையாத முட்டை மூக்கு வழியாக நுழையும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சம்மதித்தாள். தம்பி பக்கத்துக் கட்டில் பையனிடம் தனக்குத் தும்பிக்கை முளைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். முகத்தில் கொஞ்சம் சதைகூட வைத்தது.

ஜோசப்பின் என்கிற நர்ஸ் சிஸ்டர் அம்மாவுக்கே ஊற்றப் பழக்கிக் கொடுத்தார். புனலை எவ்வளவு உயரத்தில் பிடிப்பது, கடைசியில் எவ்வளவு தண்ணீர் விட்டுக் கழுவுவது எல்லாம் அம்மா அவ்வளவு சுத்தமாகச் செய்ததால் சிஸ்டர் நம்பி அடுத்த கட்டில்களைப் பார்க்கப் போய்விடுவார். அதற்குள் பழனியிலிருந்து உன் சிவபாக்கியம் சித்தி வந்து சேர்ந்தாள். புள்ள நாக்குல ருசியே படாமக் கெடக்கானே, இது சாப்பாடா, வெளக்குக்கு எண்ணெய் ஊத்துற மாதிரியில்ல இருக்கு என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். இத்தனை பேர் பார்க்கச் சாப்பிட்டால் கண் பட்டுவிடும், மறைச்சுக் கட்டுக்கா என்றும் சொல்லிவிட்டு, வெள்ளனே மலை இறங்க வேண்டும் என்று பஸ் ஏறிவிட்டாள். அம்மா தன் பழைய சுங்குடிச் சேலையைக் கட்டிலைச் சுற்றிக் கட்டினாள். கயிறு வாங்கி வந்தது நான். மூடநம்பிக்கைகளில் இது செலவில்லாதது என்று சிஸ்டரிடம் வேடிக்கையாகச் சொன்னேன், அவரும் சிரித்தார்.

வயிறு நிறைந்த பிறகும் தம்பி அந்த மூக்குக் குரலில் எப்பம்மா சாப்பாடு என்று கேட்பான். வயிறு நிறைந்தது வாய்க்குத் தெரியாது என்று சிஸ்டர் விளக்கினார். எனக்கு விளங்கியது. முந்தாநாள் மத்தியானம் நான் உள்ளே வரும்போது சேலைக்குப் பின்னால் இருமல் கேட்டது. விலக்கிப் பார்த்தேன். அம்மா பால்சோற்றைக் குழையப் பிசைந்து விரலால் அவன் நாக்கில் தடவிக்கொண்டிருந்தாள், தம்ளரில் சோறு பாதிதான் மிச்சம். என்ன செய்கிறாய் என்று கேட்டேன். உசுரோட இருக்குறப்ப வாயில போடாம, பெறகு எப்பங்க போடுறது என்றாள். பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடம் நடத்துகிறவன் நான், தம்ளரை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தேன். சேலையை அவிழ்த்து மடித்தேன். வராந்தாவுக்குப் போய் சிஸ்டரிடம் நடந்ததைச் சொல்லி, அம்மாவிடம் மட்டும் எதுவும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். இனி மறைப்புக் கூடாது, நர்சுகள்தான் ஊற்றுவார்கள், இது டாக்டர் உத்தரவு என்று சிஸ்டர் அம்மாவிடம் சொல்லிவிட்டார். சாயங்காலம் காய்ச்சல் வந்தது.

பென்சிலின் போடுகிறார்கள். டாக்டர் அவன் நெஞ்சில் குழலை வைத்து நெடுநேரம் கேட்கிறார், கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார். நிறையப் பேசுகிற மனிதர் அவர், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கட்டிலோரம் ஆக்சிஜன் உருளையைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். தம்பி சாப்பாடு கேட்பதில்லை. மறைப்பு இருந்தவரை பிள்ளை நன்றாக இருந்தான், அவிழ்த்த அன்றே கண் பட்டுவிட்டது, அவிழ்த்தது நீங்கள்தான் என்கிறாள் அம்மா. அதற்குமேல் என்னோடு பேச்சில்லை. வார்டில் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். நடந்ததை வரிசையாக வைத்துப் பார்த்தால் அவள் சொல்வதுதான் பொருந்துகிறது.

கிளம்பி வா என்று சொல்லமாட்டேன், வராதே என்றும் சொல்லமாட்டேன், மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்குமா என்று கேட்டுப் பார். உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு. அம்மாவுக்கு மட்டும் வெரசா தனியாக ஒரு கடிதம் போடு, அவள் எழுத்துக்கூட்டித் தானே படிக்கும்படி பெரிய எழுத்தில். சோற்றைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. தம்பி எழுந்து உட்கார்ந்தால் உண்மையை நானே அவளிடம் சொல்லிக்கொள்கிறேன். இல்லையென்றால் நீயும் சொல்லக்கூடாது, சிஸ்டரும் சொல்லமாட்டார். பட்டது கண்தான், அந்தக் கண் என்னுடையது என்றே அவள் நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

தீர்க்க சுமங்கலியாக இரு.

உன் அப்பா,
திருமலைச்சாமி