பங்கேற்பாளர் நான்கு

மார்ச் 3
ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாயிற்று. இனி வைவா என்கிற வாய்மொழித் தேர்வுதான் பாக்கி. எங்கள் நாடகத் துறை இப்போது மேடையோடு நிற்பதில்லை. ஒருத்தி நீதிமன்றத்தை ஆராய்கிறாள், ஒருவன் விமான நிலைய வரிசையை. நான் மருத்துவமனை வரவேற்பு மேசையை. பதறி ஓடி வருகிறவர்கள் முன்னால் அங்கே இருப்பவர்கள் நிதானத்தை எப்படி நடித்துக் காட்டுகிறார்கள் என்பது என் தலைப்பு. நடிப்புப் பயிற்சி தரும் மூத்த பேராசிரியருக்கு இதெல்லாம் ஆகாது. "விட்டா டிக்கெட் கவுன்ட்டரையும் நாடகம்பீங்க" என்றார். அதை ஏற்கெனவே ஒருத்தர் ஆரம்பித்துவிட்டார் சார் என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது.

மார்ச் 9
அக்கா போன் செய்தாள். "உன் வைவாவுக்கு லீவு போட்டுட்டேன்டி. அதுக்கு முன்னாடி உன் புத்தகத்தைக் கொடு. ஒண்ணும் தெரியாம வந்து உட்கார முடியுமா?"

நான் ஆராய்ந்த வரவேற்பு மேசையில்தான் அவளுக்கு வேலை; ஆய்வேட்டில் பங்கேற்பாளர் நான்கு அவள்தான். சம்மதப் படிவத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்." மேசையில் அவளைக் கவனித்தது அவளுக்குத் தெரியும். வீட்டிலும் கவனித்தேன் என்பது தெரியாது.

மார்ச் 10
112ஆம் பக்கத்தை மறுபடி படித்தேன். யாராவது எதிரே வந்தால் அக்கா தலையை லேசாகச் சாய்ப்பாள். இரண்டு நொடி நிறுத்துவாள். பிறகு புன்னகை, அதற்கப்புறம்தான் பேச்சு. மேசையில் நூறு முறை குறித்திருக்கிறேன். எனக்கு ஆய்வு உதவித்தொகை கிடைத்த அன்று வீட்டிலும் அச்சு அசல் அப்படியே செய்தாள். அவளோ படிப்பைப் பாதியில் விட்டவள், உள்ளுக்குள் வலித்திருக்கும் என்று நினைத்தேன். ஆகவே அந்த மகிழ்ச்சியும் ஒரு வேடமே என்று எழுதிவிட்டேன். என் நெறியாளர் அந்த வரியை அடிக்கோடிட்டு 'அருமை' என்று போட்டார். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 12
கொடுத்துவிட்டேன். சாக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மார்ச் 16
அவளிடமிருந்து போன் இல்லை. மாமாவைக் கேட்டேன். "பென்சிலும் கையுமா உட்கார்ந்திருக்கா உங்க அக்கா" என்று சிரித்தார். பென்சில் எதுக்கு?

மார்ச் 21
வைவா. அக்கா கடைசி வரிசையில். எல்லாம் நன்றாகத்தான் போனது, மூத்த பேராசிரியர் எழும்வரை.
"112ஆம் பக்கம். இது நடிப்புன்னு எப்படித் தெரிஞ்சது? அவங்களைக் கேட்டீங்களா?"
கோட்பாடு எதையோ சொல்லிச் சமாளித்தேன். சுத்த உளறல்.
"என்கிட்ட நடிப்பு கத்துக்கற பையன் மேடையில அழுதா, இறங்கினதும் நிஜமா அழுதியான்னு நான் கேட்பேன்மா. அவ்வளவுதான்" என்று உட்கார்ந்துவிட்டார்.
அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டத்துக்குப் பரிந்துரைத்தார்கள், கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். நான் படிக்கக் கொடுத்த பிரதியை என் கையில் கொடுத்துவிட்டு, பஸ் போயிடும் என்று கிளம்பிவிட்டாள்.
112ஆம் பக்கத்து ஓரத்தில் நாலைந்து முறை எழுதி அழித்த தடம். மிச்சம் வைத்தது ஒரே வரி: 'அன்னைக்கு நான் நடிக்கல.'
ஐயோ. என்னடி பண்ணி வச்சிருக்க நீ என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 22
நெறியாளரிடம் அந்தப் பகுதி வேண்டாம் என்றேன். "அதுதாம்மா உன் ஆய்வோட உயிரே. எடுத்தா மறுபடி சமர்ப்பிக்கணும், பட்டம் தள்ளிப்போகும்."
போகட்டும். ஆறு பக்கம். எடுத்துவிட்டேன்.

மார்ச் 29
திருத்திய பிரதியோடு அக்கா வீட்டுக்குப் போனேன். அவள்தான் கதவைத் திறந்தாள்.
"அதையெல்லாம் எடுத்துட்டேன்க்கா. தப்பு என்மேலதான். உன்னைக் கேட்டிருக்கணும்."
தலையை லேசாகச் சாய்த்தாள். எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன். ஒன்று. இரண்டு. புன்னகைத்தாள்.
"அதனால என்ன. உட்காரு, இதோ வந்துடறேன்."
நிஜமா, நடிப்பா என்று இந்த முறையாவது அவளையே கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். கேட்க முடியவில்லை.